சாயம் போகாத ரத்தம்

அன்றைக்கு ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த ரத்தம் பார்க்கும் அறையில் ஆறு பேர் இருந்தோம். நான், என் மனைவி, அவள் இடுப்பில் எங்கள் மூன்று வயது மகள், என் அக்கா, ரத்தம் பார்க்கும் சிஸ்டர், வெளியூர் டாக்டர். வேறு யாரும் உள்ளே வரவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ‘இதை யார் தொட்டது?’ என்று டாக்டர் கேட்டபோது திரும்பிப் பார்க்க எங்களை விட்டால் ஆள் கிடையாது.

அறுபதுகளின் தொடக்கம் அது. விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கியில் எனக்கு வேலை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மூட்டையைப் பிரித்துத் தரையில் கொட்டி, நல்ல சிவப்பு ஒரு பக்கம், வெள்ளை விழுந்தது ஒரு பக்கம் என்று பிரித்துப் போடுவதில்தான் என் வாலிபம் போனது. எம்புட்டுச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையில் காரம் போகாது. அதனால் என் மகளின் கண் இமையை நான் தொட்டதே இல்லை. அந்த வருஷம் அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால்தான் பிள்ளைக்கு ரத்தம் இருக்கிறதா என்று தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வேலையிலிருந்து வந்ததும், “கொஞ்சம் இழுத்துக் காட்டு” என்பேன். மனைவி இழுத்துக் காட்டுவாள். உள்ளே வெளிறிக் கிடக்கும். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னொரு தடவை” என்பேன்.

“வெளிச்சத்துக்கு வாங்க, இருட்டுல பாத்துட்டு வெளுத்திருக்குங்கீக” என்பாள். வெளிச்சத்திலும் வெளுப்புத்தான்.

பஸ்ஸில் ஏறினால் டயர் வெடிக்கும் என்று நினைக்கிற ஆள் நான். ஆனால் இந்த விஷயத்தில் பயப்படுவதற்கு அப்படி ஒரு ஆள் தேவைப்படவில்லை. பிள்ளையைப் பார்த்தாலே போதும். நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுவாள். சுவரில் காரை பெயர்ந்த இடத்தை நக்குவாள். வாயை விலக்கினால் மண் இருக்கும்.

மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அப்போது வியாழக்கிழமைதோறும் ஒரு டாக்டர் அங்கே வந்துகொண்டிருந்தார். இளவயசு. இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் ரத்தத்தை ஆராய்வதற்காக ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். மகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு எங்களிடம் முதலில் கேட்ட கேள்வி, “சொந்தத்திலயா கல்யாணம்?”

“மாமன் மகள்தான்” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டல் எனக்கு இரண்டு நாள் சோற்றைக் கெடுத்தது.

வீட்டில் கேட்டேன், “ஒங்க அப்பா பக்கம் யாருக்காச்சும் இப்பிடி ரத்தம் இல்லாமப் போச்சா?”

“எங்கப்பா ஒங்கம்மாகூடப் பொறந்தவரு. எந்தப் பக்கம்னு கோடு கிழிச்சுக் காட்டுங்க, நான் பதில் சொல்றேன்” என்றாள் மனைவி.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ரத்தத்தில் சிவப்பு அணு என்று கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பைக்குள்ளேயும் சிவப்பாக ஒரு புரதம். தாய் வயிற்றில் இருக்கும்போது பிள்ளைக்கு ஒரு வகைப் புரதம். பிறந்து கொஞ்ச மாதங்களில் அது குறைந்து, நமக்கெல்லாம் இருக்கிற இன்னொரு வகை வந்துவிடும். என் மகளுக்கு மூன்று வயசாகியும் பழைய வகை நிறையத் தங்கியிருந்தது.

“அது நல்லதா கெட்டதா டாக்டர்?”

“அதைத்தான் இன்னும் சொல்ல முடியலை. மொத்தத்துல எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. எங்கே இருக்குன்னு தெரியணும்.”

“ரத்தத்துலதான இருக்கு?”

அவர் சிரிக்கவில்லை. “நீங்க என்ன வேலை பாக்கிறீங்க?” என்று கேட்டார். சொன்னேன். “சரி, ரெண்டு மூட்டை வத்தல். தூரத்திலேர்ந்து பாத்தா ரெண்டும் ஒரே மங்கல் சிவப்பு. ஒண்ணுல எல்லா வத்தலுமே ஒரே மாதிரி மங்கல். இன்னொண்ணுல சிலது நல்ல சிவப்பு, சிலது வெள்ளை, கலந்து கிடக்கு. நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“கொட்டிப் பாப்பேன்.”

“அதைத்தான் நாங்களும் செய்யப்போறோம்.”

பழைய புரதம் எல்லா அணுக்களிலும் ஒரே மாதிரிப் பரவியிருந்தால் அது பரம்பரையாக வருகிற ஒரு சமாச்சாரம். அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. அப்படியானால் பிள்ளையின் வெளுப்புக்குக் காரணம் வேறு, குடலில் ரத்தம் உறிஞ்சுகிற கொக்கிப் புழுவாகத்தான் இருக்கும். புழு மருந்தும் இரும்புச் சத்து டானிக்கும் கொடுத்தால் தேறிவிடுவாள். ஆனால் சில அணுவில் நிறைய, சில அணுவில் இல்லவே இல்லை என்று ஏறுமாறாக இருந்தால் அது ரத்தத்திலேயே உள்ள நோய். அதற்கு அப்போது மருந்து கிடையாது. அந்த நோய் இருக்கிற பிள்ளைக்கு இரும்புச் சத்தைக் கொடுத்தால் அது உடம்பில் தங்கிக் கெடுத்துவிடும் என்றார். ஆகவே தெரிகிறவரைக்கும் டானிக்கும் கூடாது.

“அடுத்த வியாழக்கிழமை ஸ்லைடு போட்டுப் பாக்கலாம். அப்பா அம்மா ரெண்டு பேரும் வாங்க.”

அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். பயப்படத் தெரியாதவள் என்று ஊரில் பேர். கம்பெனியில் தீப்பிடித்த ஒரு நாளில் மணல் வாளியோடு ஓடிப்போனதில் இடது முழங்கையில் தோல் வெந்து சுருங்கிக் கிடந்தது. டாக்டர் என்ன சொன்னாலும் என் பக்கத்தில் நிற்க அவள் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பஸ்ஸில், “ஏலே, பிள்ளையைக் கூட்டிட்டுப் போறமா, ஒன்னையக் கூட்டிட்டுப் போறமா? ஒன் மொகந்தான் வெளுத்துக் கெடக்கு” என்றாள்.

அந்த அறையில் ஒரு மேஜை, மைக்ராஸ்கோப், கரண்டு அடுப்பில் ஊசி கொதித்துக்கொண்டிருந்த ஒரு பாத்திரம், மூலையில் தண்ணீர்ப் பானை. தரையில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். ஸ்டவ்வின்மேல் அலுமினியச் சட்டியில் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் ஒரு கண்ணாடி ஜாடி. ஜாடிக்குள் தண்ணீர் மாதிரியே ஒன்று. சட்டியில் வெப்பமானி ஒன்று சாய்ந்து நின்றது.

சிஸ்டர் என் விரல், மனைவி விரல், மகள் விரல் மூன்றிலும் குத்தி, கண்ணாடித் துண்டுகளில் ரத்தத்தை மெலிசாக இழுத்தார். பிறகு தன் விரலிலும் குத்திக்கொண்டார்.

“உங்களுக்கு எதுக்கு சிஸ்டர்?” என்றாள் மனைவி.

“ஒப்பிட்டுப் பாக்க ஒரு சாதாரண ரத்தம் வேணும்லா. இன்னைக்குக் காலையில பிரசவ வார்டுல ஒரு பிள்ளை பெறந்திருக்கு, தொப்புள்கொடியிலேர்ந்து அந்த ரத்தமும் ஒரு சொட்டு வேணும். பெரியவங்க ரத்தம் ஆசிட்டுல சாயம் போகணும், பெறந்த பிள்ளை ரத்தம் போகக்கூடாது. அப்பத்தான் பரிசோதனை சரி.”

“இந்த ஜாடியில இருக்கது ஆசிட்டா?” என்று அக்கா கேட்டாள்.

“ஆமாக்கா. எலுமிச்சம்பழப் புளிப்புல உள்ள ஆசிட்தான். ஆனா தொட்டுராதீக. உடம்புச் சூட்டுலயே இருக்கணும்.”

சிஸ்டர் பிரசவ வார்டுக்குப் போனார். டாக்டரை வராந்தாவில் யாரோ கூப்பிட்டார்கள். நாங்கள் நாலு பேரும் ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஸ்டவ்வின் திரி நீலமாக எரிந்தது. அக்காவின் முகம் மாறுவதைப் பார்த்தேன். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் அடுப்பைப் பார்க்கிற பார்வையே வேறு. கொலுசு போட்டுக்கொண்டு உள்ளே போகக்கூடாது, இரும்புக் கரண்டி கூடாது, வெயில் ஏறினால் கலவையைத் தொடக்கூடாது என்று வருஷக்கணக்காக உடம்பில் ஊறியிருக்கும்.

“நெருப்புக்கு மேல ஆசிட்டை வச்சிட்டு ஆளு போயிருச்சு பாரு. படிச்ச பிள்ளைக இப்பிடித்தான் வைக்குமா?”

“தொடாதேன்னு சொல்லீட்டுப் போயிருக்காகக்கா” என்றேன். ஆனால் சொல்லும்போதே மகளைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்துவிட்டேன். எனக்கும் அது வெடிக்கும் போலத்தான் இருந்தது.

“நான் ஜாடியவா தொடுறேன்?” என்று அக்கா குனிந்து திரியை இறக்கி அணைத்தாள். பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துச் சட்டியில் ஊற்றினாள். இன்னொரு செம்பும் ஊற்றினாள். அப்புறம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிம்மதியாக நின்றாள். எனக்கும் மூச்சு வந்தது.

சிஸ்டர் ஓடிவந்தார். அவரைத் திரும்பவும் வார்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள் போல; அவசரம். ஸ்டவ் அணைந்திருந்ததைப் பார்த்துத் தானே அணைத்துவிட்டுப் போனதாக நினைத்திருக்க வேண்டும். ஸ்லைடுகளை வரிசையாக ஜாடியில் இறக்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். எடுத்துக் கழுவி, சிவப்புச் சாயத்தில் தோய்த்து, மறுபடி கழுவிக் காயவைத்தார். டாக்டர் வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

அவர் ஸ்லைடை நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார். பிறகு நிமிர்ந்து சிரித்தார்.

“எல்லாம் ஒரே மாதிரி சிவப்பு. ஒரு அணுகூட விட்டுப்போகலை. அம்மா, உங்க பிள்ளைக்கு அந்த வியாதி இல்லை.”

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா மகளை வாங்கி நெற்றியில் முத்தம் கொடுத்தாள். “பாத்தியாலே? நீயும் ஒன் பயமும்!” நான் என்ன செய்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. வராந்தாவுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதாக மனைவி பின்னால் சொன்னாள்.

திரும்பி வந்தபோது டாக்டர் அடுத்தடுத்த ஸ்லைடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போயிருந்தது. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார். மறுபடி முதல் ஸ்லைடை வைத்தார்.

“சிஸ்டர், இது உங்க ரத்தம்தானே?”

“ஆமா டாக்டர்.”

“உங்க ரத்தமும் சிவப்பா இருக்கு.”

சிஸ்டர் வந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. சாயம் போக வேண்டிய ரத்தம் போகவில்லை. அப்படியென்றால் ஆசிட் வேலை செய்யவில்லை. அப்படியென்றால் என் மகளின் ரத்தம் சிவப்பாக நின்றதற்கும் அர்த்தம் இல்லை. படிக்காத எனக்கே அது அந்த நிமிஷத்தில் புரிந்துபோனது.

டாக்டர் சட்டித் தண்ணீரில் விரலை விட்டார். “சில்லுன்னு இருக்கே. இதை யார் தொட்டது?”

“நாந்தான்” என்றாள் அக்கா. “நெருப்பு எரிஞ்சுச்சு. அமத்திட்டேன்.”

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அடுத்தது நடந்திருக்காது. “சூடுதான வேணும்? இந்தா” என்று அக்கா முந்தானையால் ஊசி கொதிக்கிற பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கினாள். “அக்கா, வேண்டாம்!” என்று சிஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் கொதிக்கிற தண்ணீர் சட்டிக்குள் போய்விட்டது. குளிர்ந்து கிடந்த ஜாடி ‘டிக்’ என்றது. மேலிருந்து கீழாக ஒரு கோடு. ஆசிட் சட்டித் தண்ணீரோடு கலந்தது.

ஸ்லைடு வைப்பதற்கென்று உள்ளே வரி வரியாகத் தடம் போட்ட ஜாடி அது. ஆஸ்பத்திரியில் இருந்தது அது ஒன்றுதான். மதுரையிலிருந்து புதிதாக வரவேண்டும். ஆசிட்டும் புதிதாகக் கலக்க வேண்டும்.

“அடுத்த வியாழக்கிழமை” என்றார் டாக்டர். “அதுக்கப்புறம் நான் இந்தப் பக்கம் வரமாட்டேன். கட்டாயம் வந்துருங்க.”

“இப்ப டானிக் எதுவும்...”

“கொடுக்கக்கூடாது. தெரியாம கொடுக்கக்கூடாது.”

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா இரண்டு கையையும் மடியில் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆமத்தூர் தாண்டியதும், “என் கை சும்மா இருக்காதுலே” என்றாள்.

அந்த ஒரு வாரத்தை எப்படித் தள்ளினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நல்ல சேதியே வராமல் இருந்திருந்தால் பரவாயில்லை. வந்து, அதைக் கையில் வாங்கி, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்ததுதான் தாங்க முடியவில்லை. கிட்டங்கியில் மூட்டையைக் கொட்டினால் என் கண்ணுக்கு வத்தல் தெரியவில்லை. சிவப்பும் வெள்ளையும் கலந்து கிடந்தால் குவியலை அடுத்தவன் பக்கம் தள்ளிவிட்டேன். ஒரே நிறமாக வந்த மூட்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், உடனே அந்தச் சந்தோஷத்துக்குப் பயந்தேன்.

“என்னய்யா, வத்தலைப் பாத்துக் கண்ணு கலங்குதீரு?” என்றான் பக்கத்தில் பிரித்துக்கொண்டிருந்தவன்.

“காரம்” என்றேன்.

“இம்புட்டு வருசமா இல்லாத காரமா?”

வீட்டில் மனைவி ஒரு நாள் பொறுமையை விட்டாள். “இழுத்து இழுத்துப் பிள்ளை இமை வீங்கிப்போச்சு. இனிமே கேட்டீகன்னா ஒங்க கண்ணை இழுப்பேன், அந்தக் கையாலயே, வத்தல் கையாலயே.” சொல்லிவிட்டு அவளே மூலைக்குப் போய் மகளைத் திருப்பி வைத்து, நான் பார்க்காதபடி இமையை இழுத்துப் பார்த்தாள்.

அக்கா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. புதன்கிழமை நானே புதுப்பட்டிக்குப் போனேன். வாசலில் நின்று, “நாளைக்கு வர்றியாக்கா?” என்றேன்.

“நான் வந்தா எதையாச்சும் ஒடைப்பேன்.”

“நீ வரலைன்னா நான் ஒடைஞ்சிருவேன்க்கா.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “சாப்பிட்டியாலே மொதல்ல?” என்றாள்.

மறுநாள் டாக்டர் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. மதுரை ரயில் தாமதம் என்றார்கள். எனக்கோ தண்டவாளம் பெயர்ந்துவிட்டது, அவர் மனம் மாறிவிட்டார், வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று ஒன்றன்பின் ஒன்றாக நினைப்பு வந்தது. கடைசியில் வெயில் ஏறின பிறகு பையோடு வந்து இறங்கினார்.

புது ஜாடி இருந்தது. இந்தத் தடவை அக்கா அறைக்குள் நுழையவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றாள். சிஸ்டரும் அறையை விட்டு நகரவில்லை. ஸ்டவ் எரிந்தது. வெப்பமானியை அவர் எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை.

டாக்டர் இந்த முறை முதலில் சிஸ்டரின் ஸ்லைடைத்தான் வைத்தார். “ம்” என்றார். அடுத்து அன்றைக்குப் பிறந்த பிள்ளையின் ரத்தம். “ம்” என்றார். மூன்றாவதாக என் மகளுடையதை வைத்தார். என்னுடையதை வைத்தார். மனைவியுடையதை வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “வந்து பாருங்க. நான் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க” என்றார்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு தெரிந்தது: வட்டம் வட்டமாக, நடுவில் ஒன்றுமே இல்லாமல், தண்ணீரில் கழுவிப்போட்ட கோதுபோல.

“இது சிஸ்டர் ரத்தம். சாயம் போயிருச்சா?”

“போயிருச்சு.”

ஸ்லைடை மாற்றினார். “இது உங்க பொண்ணு.”

வட்டங்கள் எல்லாம் இளஞ்சிவப்பு. நான் அவரிடம் கேட்காமலே ஸ்லைடை நகர்த்த முயன்றேன். அவர் கையைத் தட்டிவிட்டுத் தானே நகர்த்திக் காட்டினார். போகப் போக அதே நிறம். வெள்ளை விழுந்தது ஒன்றையாவது கண்டுபிடித்துவிடுவேனோ என்று பயந்து பயந்து தேடினேன். நாள் முழுக்க அதைத் தேடியே கூலி வாங்குகிறவன். கிடைக்கவில்லை.

“இது உங்களோடது.”

என்னுடையதும் அதே நிறம்தான். மனைவியுடையது சிஸ்டருடையதைப் போலச் சாயம் போயிருந்தது.

“அப்ப எங்கிட்டேர்ந்துதான் வந்துச்சா? எனக்கும் வியாதியா?”

“வத்தல் மூட்டை தூக்குவீங்களா?”

“தூக்குவேன்.”

“முதுகு வலிக்குமா?”

“எல்லாருக்கும் வலிக்கிற அளவுக்கு.”

“அவ்வளவுதான் வியாதி” என்றார். பிறகு சீட்டு எழுதினார்: புழு மருந்து முதலில், அப்புறம் இரும்புச் சத்து டானிக். எங்கள் மூன்று பேர் ஸ்லைடுகளையும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு குடும்பத்தை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவையாம். எங்கள் ரத்தம் ரயில் ஏறிப் போனது.

வாசலில் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னலே?”

“எல்லாம் ஒரே நெறம்.”

“போன வாரமும் அதத்தான சொன்னாரு?”

“இல்லக்கா. இன்னைக்கு சிஸ்டருக்குப் போயிருச்சு.”

அவளுக்கு அது புரிந்ததா தெரியாது. பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து மகளை வாங்கிக்கொண்டாள்.

எனக்கு மட்டும் நம்ப நாளானது. புழு மருந்து கொடுத்தோம். டானிக்கை முதல் தடவை நான் ஊற்றும்போது பாதி தரையில் போனது. தெரியாமல் கொடுக்கக்கூடாது என்று சொன்ன குரல் காதில் இருந்தது. கரண்டியை மனைவி பிடுங்கிக்கொண்டாள். சில வாரம் கழித்துச் சுவர் நக்குவது நின்றது. ஒரு நாள் பிள்ளை தெரு முனைவரைக்கும் கோழியை விரட்டிக்கொண்டு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன், விழுந்துவிடுவாள் என்று.

அந்த ஜாடிக்கு என்ன விலை என்று ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். சிஸ்டர் சொன்னார். கையில் அப்போது அவ்வளவு இல்லை. “இருக்கட்டும், பிள்ளை நல்லா நடக்கட்டும், அப்புறம் பாப்போம்” என்றார். அடுத்த மாதம் பணத்தோடு போனபோது அவரைத் திருநெல்வேலிப் பக்கம் மாற்றியிருந்தார்கள். ஆபீசில் இருந்தவர், அப்படி ஒரு பாக்கி தங்களுக்குத் தெரியாது, சிஸ்டர் தன் சம்பளத்திலிருந்து வாங்கி வைத்திருப்பார் என்று சொல்லிவிட்டார். எந்த ஊர் என்று விசாரித்தேன், சரியாகத் தெரியவில்லை. மகளுக்கு இப்போது மகள் இருக்கிறாள். அந்தப் பிள்ளையின் இமையையும் இழுத்துக் காட்டச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். சிஸ்டருக்கு நாங்கள் தரவேண்டியது மூன்று ரூபாய் எழுபத்தைந்து பைசா.